ஃபிம்பர் கணவாயில் ஸ்போக்ஸ் கம்பி தந்த அம்மாவுக்கு

ஆல்ப்ஸ் மலையில் ஃபிம்பர் கணவாயைச் சைக்கிளில் கடக்கப் போன எங்களுக்குச் சனிக்கிழமை நேர்ந்த விபத்தை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டுவிட்டீர்கள். அதைத் திரும்பச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். தோளில் கட்டோடு இருப்பவரும் இன்று காலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மனம் ஆறிப்போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மாவுக்கு. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பல நாள் பயணமாக ஆல்ப்ஸைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தவர். எங்களைத் தாண்டிக் கீழே போய்விட்டார். பிரேக் கெட்டுத் தலைகீழாகக் கிடந்த எங்கள் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தவர், தன் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு அந்தச் சரளைக்கல் சரிவில் திரும்ப ஏறி வந்தார். இறங்கிய உயரத்தை அங்கே மறுபடி ஏறுவது என்றால் என்னவென்று அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்.

போகாதவர்களுக்குச் சொல்கிறோம். ஆஸ்திரியாவின் இஷ்கிள் 1,377 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 2,264 மீட்டரில் உள்ள ஹைடல்பெர்கர் குடில் வரை ஜீப் போகும் மண்சாலை; மூச்சு வாங்கினாலும் மிதித்தே போய்விடலாம். அதற்கு மேல் 2,608 மீட்டர் கணவாய் வரை பெரும்பகுதி தள்ளிக்கொண்டோ தோளில் தூக்கிக்கொண்டோதான் போக வேண்டும். மறுபக்கம் சுவிட்சர்லாந்தின் கீழ் எங்காடின் பள்ளத்தாக்கு. அங்குள்ள ரமோஷ் கிராமம் வரை கிட்டத்தட்ட 1,400 மீட்டர் இறக்கம். அதிலும் மேல்பகுதி முழுக்கத் தட்டைக் கற்கள் உருளும் குறுகலான கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட சரிவில் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. முன் பிரேக் போன சைக்கிளில் அங்கே ஏறி உட்காரவே கூடாது. மேகமோ கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் முன் பிரேக்கில் போனது ஒரு சின்னப் பின். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துபவை பிரேக் பேடுகள்; அவை இருக்கும் கூடு காலிப்பர். அந்தக் காலிப்பருக்குள் இரண்டு பேடுகளையும் கோத்துப் பிடித்திருக்கும், விரல் நீளம்கூட இல்லாத கம்பி. நீண்ட இறக்கத்தின் அதிர்வில் அதன் நுனி மடிப்பு விரிந்துகொடுத்தால் மெல்ல நகர்ந்து விழுந்துவிடும். பின் போனால் பேடும் போகும். மாற்று பேட் எங்கள் பையில் இருந்தது. அதைப் பிடித்துவைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா தன் சைக்கிள் சட்டத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டியிருந்த உபரி ஸ்போக்ஸ் கம்பிகளில் ஒன்றை உரித்து எடுத்து வந்திருந்தார். மொத்தமே மூன்றுதான் வைத்திருந்தார். சக்கரத்தின் இரு பக்கத்துக்கும் கம்பி நீளம் வேறு வேறு. எந்த நீளத்தில் இரண்டு இருந்ததோ அதிலிருந்து ஒன்றைத் தந்தார். இன்னும் பல கணவாய்கள் ஏற வேண்டியவர்.

அவர் செய்த வேலையை வரிசையாக எழுதுகிறோம். இன்னொருவருக்கு உதவட்டும்.

முதலில் பிரேக் லீவரில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். பேட் இல்லாதபோது அழுத்தினால், பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், எண்ணெய் கசியும், அதோடு பிரேக் கதை முடிந்தது. 6 மி.மீ. ஆலன் கீயால் அச்சைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தார். சன்ஸ்கிரீன் பூசிய கையைத் துடைக்கச் சொன்னார். அந்தப் பிசுக்கு பேடின் முகத்திலோ டிஸ்கிலோ பட்டால் பிடிமானமே இருக்காது. பிஸ்டன்களைத் துணியால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் டயர் லீவரால் நேராக உள்ளே தள்ளினார். பிஸ்டன் பீங்கானாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் பட்டு விளிம்பு உடையும். பிறகு நடுவில் ஸ்பிரிங்கை வைத்துப் புது பேடுகளை இறக்கினார்.

அடுத்துக் கம்பி. அதன் தலைப்பக்கம் ஏற்கெனவே வளைந்திருப்பதால் அதுவே ஒரு தடுப்பு. அந்த வளைவைக் காலிப்பரின் வெளிப்பக்கம் வைத்து, கம்பியை இரண்டு பேடின் துளை வழியாகவும் உள்பக்கம் செலுத்தினார். நுனியை 4 மி.மீ. அளவுக்கு விட்டுக் கட்டிங் பிளேயரால் வெட்டி, காலிப்பரோடு ஒட்டி மடக்கினார். அந்த நுனி துருத்திக்கொண்டிருந்தால் ஓடும் சக்கரத்தின் கம்பிகளில் மாட்டும். சக்கரத்தைப் போட்டுக் கையால் சுற்றி, காதை அருகில் வைத்துக் கேட்டார். திருப்தியான பிறகுதான் லீவரை மெதுவாக, அது கெட்டிப்படும்வரை அழுத்தவிட்டார்.

அத்தோடு கிளம்பிவிடவில்லை. புது பேட் உடனே பிடிக்காது. சற்றுச் சமமான இடத்தில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் நிதானமாக வேகம் குறைக்க வேண்டும்; அதை இருபது முறை செய்யச் சொல்லி நின்று எண்ணினார். ஒவ்வொரு 200 மீட்டர் இறக்கத்துக்கும் நிறுத்திக் கம்பியைப் பார்க்கச் சொன்னார். பணத்தை நீட்டியதற்கு முகம் சுளித்தார். முதல் தூறல் விழுந்தபோது கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கம்பி வழியிலுள்ள கிரியோஷ் தாண்டி, வ்னா தாண்டி, ரமோஷ் வரை அசையவில்லை.

அம்மா, இந்த எழுத்து உங்களுக்குப் புரியாது. ஆனாலும் எங்களுக்கு நன்றி சொல்ல வருவது இந்த மொழியில்தான். நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். குடிலில் கேட்காமலே சூப் கொண்டுவந்து வைத்தவர்களுக்கும், ஹெலிகாப்டரில் வந்தவர்களுக்கும், ஈரச் சேற்றோடு ஐந்து சைக்கிள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டவருக்கும், மருத்துவமனையில் இரவு முழுக்க மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தம்பிக்கும், ஊரிலிருந்து மாறி மாறிப் போன் செய்த அக்காமாருக்கும் எங்கள் நன்றி. எல்லை மலை என்பதால் அவசர எண் குழப்பம் எல்லோருக்கும் வரும்: சுவிஸ் பக்கம் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, ஆஸ்திரியப் பக்கம் மலை மீட்புக்கு 140, இரண்டு பக்கமும் 112. புறப்படும் முன்பே போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் முன்பின் தெரியாதவர் நமக்காக இறங்கிய உயரத்தைத் திரும்ப ஏறி வருவார் என்று யாரும் கணக்குப் போட்டுக் கிளம்புவதில்லை. அந்தக் கடனை அந்த அம்மாவிடம் அடைக்க வழியில்லை. பாதையில் அடுத்து நிற்பவரிடம்தான் அடைக்க முடியும். இனி எங்கள் ஒவ்வொருவர் பையிலும் பேட் பின் இரண்டு, வளைந்த தலை உள்ள ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, ஒரு சின்ன கட்டிங் பிளேயர் இருக்கும். கம்பி பத்து கிராம்கூட வராது. ஓரமாகச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நிற்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு கீழே இறங்கிவிட்டிருந்தாலும், நின்று ‘என்ன வேண்டும்’ என்று கேட்காமல் போகமாட்டோம்.