டிஸ்க்கை அளக்காமல் பேட் மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

காருக்குக் கம்பெனி பார்ட்ஸ்தான் போட வேண்டும் என்பதில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் தரமான வெளிச்சந்தைப் பொருளாக இருந்தாலே நன்றாக உழைக்கும். கோளாறு பெரும்பாலும் பொருத்துவதில்தான். பேடின் உராய்வுப் பகுதி 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றிவிடலாம். அப்போதே டிஸ்க்கையும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கடையக் கூடாது. மாற்றினால் இடது, வலது சக்கரம் இரண்டிலும் சேர்த்தே மாற்றவும்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்காவிட்டால் பேட் உறிஞ்சிக் கெடும். டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கர மையத்தின்) துருவைத் தேய்த்தெடுக்காமல் மாட்டினால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் அதிரும். பழியோ டிஸ்க் தயாரித்தவன் மேல்! பேடை இறுக்கும் காலிப்பர் நகர்ந்தாடும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் போடவும். சாதா கிரீஸில் ரப்பர் ஊதிவிடும். பேடை அழுத்தும் பிஸ்டனைக் காலிப்பருக்குள் தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று பார்க்கவும்.

வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இல்லையேல் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. முதல் 300 கி.மீ.க்கு முடிந்தவரை கடும் பிரேக் வேண்டாம். ஊட்டி மலையிறக்கத்தை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.