நகைச்சுவை மன்றம், மந்தைவெளி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் தபாலில் போகும். தபால் செலவைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நம்மையும் கட்டுப்படுத்துகிறது. சிரிப்பதற்காக ஆரம்பித்த சங்கமாயிற்றே என்று பதிவாளர் அலுவலகத்தில் யாரும் சலுகை காட்டுவதில்லை. ஆகவே முதலில் நிகழ்ச்சிகள்.

மே 5, ஞாயிறு: உலகச் சிரிப்பு தினம். நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறரைக்குக் கூடினோம். மோர் வழங்கப்பட்டது.

ஆகஸ்ட் 30: கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நினைவு நாள். தி.நகரில் உள்ள அவர் சிலைக்கு மாலை அணிவித்தோம். 1969 ஜனவரியில் அறிஞர் அண்ணா உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் வந்து திறந்துவைத்த சிலை அது. நம்மில் நான்கு பேர் வந்திருந்தோம், மாலை வாங்கி வந்த பையனையும் சேர்த்து.

அக்டோபர்: மழை. கூட்டம் இல்லை.

பிப்ரவரி: பட்டிமன்றம். தலைப்பு, 'வீட்டில் அதிகம் சிரிப்பது கணவரா, மனைவியா?' நடுவர் தீர்ப்பு சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி வருகைப் பதிவு. பதிவேட்டில் எண்பதுக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களை நாற்காலி போடுகிற பையன் எண்ணுவதில்லை, பார்த்த மாத்திரத்திலேயே போட்டுவிடுகிறான். வராததற்குக் காரணம் கேட்டால் ஒரு மூத்த உறுப்பினர், "அதான் வாட்ஸப்ல தினம் ஜோக் வருதே சார், அதுக்குன்னு கெளம்பி வரணுமா?" என்கிறார். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று கடைத்தெருக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் ஒட்டுக்கேட்டு ஆராய்ந்தவர். தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அவர் கண்டார். அந்தச் சிரிப்பிலும் ஜோக்கால் வந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் 'அப்புறம் பாக்கலாம்பா', 'நீ எங்க இந்தப் பக்கம்' மாதிரியான சாதாரணப் பேச்சில் வந்தது. ஆக, கைப்பேசியில் வருவது ஜோக் மட்டுமே, சிரிப்புக்கு ஆள் வேண்டும். குழுவில் கண்ணீர் வடியச் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பூங்காவில் சிரிப்புப் பயிற்சி செய்யும் பூங்கா அணிக்கும், ஜோக் சொல்லிச் சிரிக்கும் துணுக்கு அணிக்கும் உள்ள சண்டை இந்த ஆண்டும் தீரவில்லை. காலையில் கையைத் தூக்கி 'ஹோ ஹோ, ஹா ஹா' என்பது சிரிப்பே இல்லை என்பது துணுக்கு அணியின் வாதம். 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா சிரிப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களும் துணுக்கு சொல்லித்தான் சிரித்தார்கள். மொத்தம் ஐந்து பேர். கொஞ்ச நாளில் நல்ல துணுக்குகள் தீர்ந்து, யாரையாவது புண்படுத்தும் துணுக்குகள் வர ஆரம்பித்தன. அதனால்தான் துணுக்கே இல்லாமல் சிரிக்கும் பயிற்சிக்கு மாறினார்கள். இதைத் துணுக்கு அணியினர் கவனத்தில் கொள்ளவும். ஏன் சொல்கிறேன் என்பது அடுத்து வரும்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி என்று நான் கருதுவது, சிலர் 'செயலாளரின் சொந்தத் திருவிழா' என்று பேசிக்கொள்ளும் பட்டினப்பாக்கம் கூட்டம். விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரை எல்லோருக்கும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அடுக்குமாடி மாமிகளும், குப்பை வண்டிக்காரரும், ஆடிட்டரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வண்டியருகே நின்று சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒருநாள் நான் நிற்கும்போது சொன்னார்: "பங்களா சட்டையும் குடிசை சட்டையும் என் பொட்டிக்கு அடியில ஒரே மாரிதான் சார் படுக்குது. பாக்கெட்லதான் வித்தியாசம். இவர் பாக்கெட்ல பேங்க்கு நோட்டீசு, அவர் பாக்கெட்ல பஸ் டிக்கெட்டு. ரெண்டையும் படிச்சிட்டுத்தான் மடிப்பேன்." பக்கத்தில் நின்ற பங்களாக்காரர்தான் முதலில் சிரித்தார். இந்த மனிதரை மேடையேற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நவம்பர் 29 கலைவாணர் பிறந்த நாள். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் அவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு சிறைக்குப் போய், 1947இல் விடுதலையாகி வந்த பிறகும் சிரிக்க வைப்பதை விடவில்லை. சம்பாதித்ததை வந்தவருக்கெல்லாம் கொடுத்தே தீர்த்தார். அவர் விழாவை ஏசி ஹாலில் வைத்து நமக்கு நாமே கைதட்டிக்கொள்வதை விட, பட்டினப்பாக்கம் வாரியக் குடியிருப்பு வாசலில் அங்கே இருப்பவர்களும் நாமும் கலந்து உட்கார்ந்து நடத்துவதுதான் பொருத்தம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது. அன்று எதிர்ப்புத் தெரிவித்தவர் யாரும் இல்லை. வந்தவர்களே குறைவு.

பிறந்த நாளுக்கு மறுநாள் சனிக்கிழமை, நவம்பர் 30 என்று நாள் குறித்தோம். அன்றுதான் ஃபெஞ்சல் புயல் வந்தது. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். 'ராகு காலம் பார்த்திருக்கலாமே' என்று ஒருவர் குழுவில் எழுதினார். புயலுக்கு ராகு காலம் தெரியாது என்று பதில் எழுதினேன். மழை சற்று விட்டதும் வண்டியைப் பார்க்கப் போனேன். மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து மரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கரி மூட்டை நனைந்து கருப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது. மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்கிறார்: "கரி நனைஞ்சி பூட்ச்சி சார். அதுவும் நல்லதுதான், இன்னிக்கி யார் சட்டையும் தீயாது."

கடைசியில் ஜனவரி 19, தை மாதம் 6ஆம் தேதி, ஞாயிறு மாலை நடத்தினோம். பந்தல் இல்லை, நாற்காலிகள், ஒரு மைக்செட், பட்டாணி சுண்டல். நம் உறுப்பினர்கள் ஒரு பக்கமாகவும் குடியிருப்புக்காரர்கள் ஒரு பக்கமாகவும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளைக் கலந்து போடச் சொல்லியிருந்தேன், உட்கார்ந்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். நம் உறுப்பினர் ஒருவர் மைக்கைப் பிடித்து வேலைக்காரம்மா பற்றிய ஒரு துணுக்கைச் சொன்னார். நம் மாடிக் கூட்டத்தில் பலமுறை கைதட்டல் வாங்கிய துணுக்கு. இங்கே எதிரில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு சத்தம் இல்லை. சுண்டல் பொட்டலம் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இஸ்திரிக்காரர் எழுந்து வந்தார். "சார் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்றேன். அந்தம்மா வேலையை வுட்டு நின்னுட்டாங்க. அடுத்த நாள் அய்யா தானே துணி தொவச்சி என்னாண்ட கொண்டாந்தாரு. நான் கேட்டேன், 'இன்னா சார், வெள்ளை சட்டை ரோசா கலரா இருக்கு?' 'அம்மா சேலையோட சேத்து ஊற வெச்சிட்டேன்'ன்னாரு. 'கவலப்படாதீங்க சார், கல்யாண நாள்னு சொல்லிக்கலாம்'ன்னேன்." முன்வரிசையில் ஒரு பாட்டி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம் மொத்தக் கூட்டமும். துணுக்கு சொன்ன நம் உறுப்பினரும் சிரித்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன், அவர் பிறகு மறுத்தாலும்.

நகைச்சுவை பிறக்கும் இடம் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நாம் இத்தனை ஆண்டும் முதலாவதிலேயே குடியிருந்தோம், அதுவும் அடுத்தவரை எள்ளுவதில். கலைவாணரும் எள்ளினார்தான். ஆனால் எள்ளப்பட்டவன் வீட்டுக்குப் போய் யோசிக்கிற மாதிரி எள்ளினார். இஸ்திரிக்காரருக்கு இந்தச் சூத்திரமெல்லாம் தெரியாது, ஆனால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

அவரைக் கௌரவ உறுப்பினராக்கலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். துணைவிதியில் இடமில்லை, சந்தா கட்டாதவரை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. நல்ல கேள்வி. அவரிடமே கேட்டேன். "சந்தாவை உங்காளுங்க எனக்குத் தர வேண்டிய பாக்கியில கழிச்சிக்கோங்க சார்" என்றார். அவர் நோட்டில் உள்ள பட்டியலும் என் பதிவேட்டில் உள்ள பட்டியலும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டவர் பெயரையும் சொல்ல மாட்டேன்.

வரவு செலவு: பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு போதவில்லை, செலவு நியாயமானது. பட்டினப்பாக்கம் கூட்டத்துக்கு மலர் வெளியீட்டுத் தொகையிலிருந்து கொஞ்சம் எடுத்தது உண்மை. மலருக்கு விளம்பரம் வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் வாங்கித் தராததால் மலரே வரவில்லை. சும்மா கிடந்த பணம் சிரித்துவிட்டுப் போனது. தணிக்கையாளருக்கு இதில் ஆட்சேபம் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. சந்தா நிலுவை மூன்றாண்டுக் கணக்காக இருப்பவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியதில் தபால் செலவு கூடிவிட்டது. சிலருக்கு அனுப்பிய கடிதங்களின் செலவு அவர்கள் சந்தாவைத் தொட்டுவிடும்போல் இருக்கிறது.

நன்றிகள்: தலைவருக்கு, ஆலோசனைகளுக்காக. துணைத் தலைவருக்கு, ஊரில் இருந்த மாதங்களுக்காக. பொருளாளருக்கு, பொறுமைக்காக. மைக்செட்காரருக்கு, கடனுக்குத் தந்ததற்காக. சுண்டல் செய்து அனுப்பிய என் வீட்டம்மாவுக்கு, ரசீது இல்லாததால் கணக்கில் காட்ட முடியாத செலவுக்காக.

வரும் ஆண்டு பற்றி. பட்டினப்பாக்கத்தில் ஒருநாள் கூட்டம் போதாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேண்டும் என்று குடியிருப்புப் பெண்களே கேட்டிருக்கிறார்கள். அடுத்த முறை துணுக்கு சொல்லத் தாங்களும் மேடையேறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்மைப் பற்றிய துணுக்குகள் என்று அறிகிறேன். நம் உறுப்பினர்கள் வந்து கேட்டால் நன்றாயிருக்கும். எனக்கு உடம்பு முன்போல் இல்லை, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க இளைஞர்கள் யாராவது முன்வந்தால் இந்த மேடையிலேயே பதிவேட்டையும் சாவியையும் ஒப்படைக்கத் தயார். வேட்புமனுப் படிவங்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. அதே மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜீபே ஒட்டியிருக்கும் அட்டையும் அங்கேதான். படிவம் எடுப்பதற்கு முன் ரசீதைக் காட்ட வேண்டும் என்பது துணைவிதி, நான் வைத்த விதி அல்ல.

இப்படிக்கு,
செயலாளர்