பதினோரு வாரமும் "1"

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தையின் முட்டிவலி இப்போது எப்படி? தாடி மாமாவைப் போன மாதம் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். இன்னும் அதே ஜோல்னாப் பை. உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்நூறு பெண்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனிக்கப் போவதாகவும், ஊழியர்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கணினி கொடுத்து அனுப்பப் போவதாகவும் எழுதியிருந்தாய். 46 கேள்விகள்! ஏன்டி, கேள்வித்தாளைச் சுருக்க உனக்கு இந்த ஜென்மத்தில் வராதா?

"டேப்லெட் எதுக்கு, பட்டன் போனே போதும்" என்று உனக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும், புதிதாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். உன் நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரிகளில் அதன் டார்ச்சில்தானே படித்தோம். இதெல்லாம் எழுதி முடித்த அடுத்த வாரம் ஒன்று நடந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களைத் தொடர்ந்து விசாரிப்பது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும், அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமலும் போகலாம். கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களிடம் செய்த ஓர் ஆய்வை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை கிளினிக்கிலிருந்து "மாம்போ?" என்று ஒரே ஒரு சொல் குறுஞ்செய்தியாகப் போகும். "எப்படி இருக்கே?" என்கிற மாதிரி. நலம் என்றால் "ஸாவா", சிக்கல் என்றால் "ஷீடா" என்று பதில் போட வேண்டும். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நர்ஸ் கூப்பிடுவார். 538 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், செய்தி போன பக்கம் 62 சதவீதம், போகாத பக்கம் 50 சதவீதம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலன் என்றால் ஆசை வராமல் இருக்குமா?

நாங்களும் ஒரே கேள்வி என்று முடிவு செய்தோம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 போகும், தமிழ் என்றால் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதற்கே 22 போய்விடும். (உன் 46 கேள்வியை இதில் அடைத்துப் பார்.) அதனால் நலம் என்றால் 1, தொந்தரவு என்றால் 2. திங்கட்கிழமை காலையில் செய்தி போகும், மத்தியானத்துக்குள் பதில்கள் வந்து குவியும். பதில் வராத எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். 2 போட்டவர்களை அன்றைக்கே கூப்பிட்டேன்.

ஒரு அம்மாவின் எண்ணிலிருந்து பதினோரு வாரமும் "1" வந்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பக்கத்து வீட்டில் வேறொருவரைப் பார்க்கப் போனவள், சும்மா தலையை நீட்டிவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். கயிற்றுக்கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. மூன்றாவது வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டாராம். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. மருமகள் தண்ணீர் எடுக்கப் போன பிறகுதான் என் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னார்: "ஒண்ணுக்கு செவப்பாப் போச்சும்மா. ரத்தம்னு பயந்துட்டேன். பையன்கிட்ட இத எப்படிச் சொல்றது?"

அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. அரை நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய விஷயம்! போன் மகனின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மகன்தான் மாதாமாதம் மாத்திரை வாங்கிவந்து கொடுத்திருக்கிறான், அம்மா சாப்பிடுகிறார் என்று நம்பி திங்கள்தோறும் 1 போட்டிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. பதில் வராத எண்ணைத் துரத்தின நான், பதில் வந்த எண்ணை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது தான்சானியா ஞாபகம் வந்தது. 2009-இல் அங்கே 129 சுகாதார நிலையங்களில், மலேரியா மருந்து எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று வாராவாரம் எஸ்.எம்.எஸ்.ஸில் கேட்டார்கள். ஏதாவது ஒரு மருந்தாவது தீர்ந்துபோயிருந்த நிலையங்கள் முதல் வாரம் 78 சதவீதம், 21-ஆம் வாரம் 26. அது ஏன் அவ்வளவு நன்றாக நடந்தது என்று இப்போது புரிகிறது. அலமாரியில் இருக்கும் டப்பாவை யார் எண்ணினாலும் ஒரே கணக்குதான், எண்ணுகிறவர் கையிலேயே போனும் இருக்கிறது. உடம்பின் கணக்கு அப்படி இல்லையே. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி வாயாலே சொன்னால்தான் உண்டு. உன் 46 கேள்வியில் பாதி இந்த இரண்டாவது ரகம், கவனித்தாயா?

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதல் சந்திப்பிலேயே போன் நம்பரை வாங்குவதற்கு முன்னால், பகலில் அந்த போன் யாரிடம் இருக்கும், வருகிற செய்தியை யார் படிப்பார்கள் என்று கேட்கிறோம். நோயின் பெயரை எந்தச் செய்தியிலும் எழுதுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல்தான். சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஊர்மக்கள் சாதாரண போனிலிருந்தே கூப்பிட்டு, தங்கள் பேச்சிலேயே சேதியைப் பதிவு செய்வார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களுக்குத் தேவைப்படவில்லை. மிஸ்டு கால் கொடுத்தால் நாங்கள் திரும்பக் கூப்பிடுகிறோம். எந்த நாள், எந்த நேரம் என்பது அவர்கள் இஷ்டம். எடுத்ததும் "இப்போது பேசலாமா?" என்றுதான் முதலில் கேட்போம். பக்கத்தில் ஆள் இருந்தால் "அப்புறம்" என்று சொல்லி வைத்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒழுங்காக "1" போடுகிறவர்களிலும் வாரம் நாலு பேரை நேரில் போய்ப் பார்க்கிறோம்.

அதனால் பட்டன் போனை நான் கைவிடச் சொல்லவில்லை. டேப்லெட்டோடு போகிற உன் ஆள், மாமியார் காதுபடத்தானே கேள்வி கேட்கப் போகிறாள்? எந்தக் கருவி வாங்குவது என்று முடிவெடுக்கும் முன்னால், ஒரு வாரம் நீயே வீடுவீடாகப் போய், அந்த வீட்டு போன் எங்கே இருக்கிறது, யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வா. கேள்வித்தாளை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து சேர்ந்தே வெட்டுவோம். நீ அழுதாலும் விடமாட்டேன்.

அந்த அம்மாவுக்கு டாக்டர் மறுபடி பரிசோதனை செய்து மருந்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். வியாழக்கிழமை மூன்று மணி என்று அந்த அம்மாவே நேரம் சொன்னார், அப்போது மகன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறான். நேற்று இரண்டு ரிங் வந்து கட்டானது. திரும்பக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் இருமல். அப்புறம், "இன்னிக்கும் செவப்புதாம்மா. மாத்திரையப் போட்டுட்டேன்."

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். நாலு மாதம் காக்க வைக்காமல் பதில் போடு.

உன் பழைய அறைத்தோழி