சோற்று டப்பா பிழைத்துக்கொண்டது

அன்புள்ள முரளி,

எட்டு மாதங்களாக எழுதாததற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. இன்று எழுதுவதற்குத்தான் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன திங்க்பேட் டி420 மடிக்கணினியின் மேல், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் காப்பியை முழுதாகக் கவிழ்த்துவிட்டேன். அதுவும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பி. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு, மீதியை அமைதியாகப் படிக்கலாம்.

பேட்டரியை உருவிவிட்டுத் தூக்கிப் பார்த்தால், காப்பி அடிப்புறத் துளைகள் வழியாக மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்கு அடியில் நீரை வாங்கி வெளியேற்றும் வடிகால் ஒன்றை இதைச் செய்தவர்கள் முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். மதர்போர்டு நனையவே இல்லை. நிறுவனமே வெளியிட்டிருக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை விரித்துவைத்து, எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது என்று படம் பார்த்துக் கழற்றி, கீபோர்டைத் திரைப்பக்கமாகத் தள்ளினேன். தட்டு போலத் தனியாக வந்துவிட்டது. கழுவிக் காயவைத்த பின்னும் நான்கு விசைகள் ஒட்டிக்கொண்டே இருந்ததால், பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். இந்தக் கடிதம் அதில்தான் எழுதப்படுகிறது.

எங்கள் அலுவலகத்தில் போன வருடம் கொடுத்த மடிக்கணினியில் ஒரே ஒரு விசை விழுந்ததற்கு என்ன நடந்தது தெரியுமா? கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தது, மெமரியோ போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. எனவே வேறு எந்திரமே தருகிறோம் என்றார்கள். தொலைந்தது ஒரு விசை, மாறியது முழு எந்திரம்.

இன்னொரு பாவமன்னிப்பும் பாக்கி இருக்கிறது. உன் கணினிக்கு நானும் சீனுவும் 'சோற்று டப்பா' என்று பெயர் வைத்து இரண்டு வருடம் உன்னைப் படுத்தினோம் அல்லவா? அது உண்மையாகவே சோற்று டப்பாதான். மிலானில் குடியேறிய ஜெர்மானியரான ரிச்சர்ட் சாப்பர், 1972-இல் டிசியோ மேசை விளக்கை வடிவமைத்தவர், ஐபிஎம்முக்காக ஜப்பானின் யமாட்டோ ஆய்வகத்தோடு சேர்ந்து இந்த வடிவத்தைச் செய்தபோது, மனத்தில் வைத்திருந்தது ஜப்பானியர் சோறு கட்டிக்கொண்டு போகும் கருப்பு அரக்குப் பெட்டியைத்தான். வெளியே ஒன்றும் தெரியக்கூடாது, திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று புலப்பட வேண்டும் என்பது எண்ணம். கணினிகளெல்லாம் வெளுத்த சாம்பல் நிறத்தில் இருந்த காலத்தில், 1992 அக்டோபரில், 10.4 அங்குல வண்ணத்திரையோடு திங்க்பேட் 700சி அப்படிக் கருப்பாக வந்தது. சீனுவிடம் சொல், அவன் வாய்க்கு ஜோசியம் பலிக்கிறது.

உள்ளே இருந்த வியப்பு, ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே, திரையிலுள்ள அம்பை நகர்த்துவதற்காக இருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டு. டெட் செல்கர் என்ற ஆய்வாளர், எழுதிக்கொண்டிருக்கும் கை மவுசுக்குப் போய்த் திரும்புவதில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்தது. அது விரல் தள்ளும் தூரத்தை அளப்பதில்லை, அழுத்தத்தைத்தான் அளக்கிறது. ஆகவேதான் நீண்ட நேரம் அழுத்தியபின் சில வேளை அம்பு தானாக நகரும், விரலை எடுத்தால் தன்னைச் சரிசெய்துகொண்டு நிற்கும். பேய் பிடித்துவிட்டதென்று நீ ஒருமுறை பதறினாய், நினைவிருக்கிறதா? சிவப்பு நிறத்துக்கும் ஒரு திருட்டுக்கதை உண்டு. ஐபிஎம்மில் அந்நிறம் அவசரகாலத்தில் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தானுக்கு மட்டுமே உரியதாம். எதிர்ப்பு வந்தபோது இது சிவப்பே அல்ல, மெஜந்தா என்று சொல்லிக் காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள்.

1995-இல் வந்த திங்க்பேட் 701சி-யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜான் காரிடிஸ் வடிவமைத்த அதன் கீபோர்டு இரண்டு துண்டுகளாக மடங்கியிருந்து, மூடியைத் திறக்கும்போது நகர்ந்து ஒன்றோடொன்று பொருந்தும், 9.7 அங்குலப் பெட்டிக்குள் 11.5 அங்குலக் கீபோர்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நான் அசைபடங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன், ஆனால் எத்தனை முறை என்று கேட்காதே.

2005-இல் ஐபிஎம்மிடமிருந்து திங்க்பேடை லெனோவோ நிறுவனம் வாங்கிய பிறகும் கைப்பழக்கம் மாறவில்லை. 2011-இல் வந்த நம்முடையதுவரை ஏழு வரிசைக் கீபோர்டு தப்பிப் பிழைத்தது. அடுத்த ஆண்டே டி430-இல் ஒரு வரிசையைக் குறைத்து, விசைகளைத் தட்டையாக்கிவிட்டார்கள். அதனால் போனது என்ன என்பாய். இருட்டில் இடது கீழ் மூலை விசையையும் வலது மேல்பக்கப் பேஜ்-அப் விசையையும் கண்ணை மூடிக்கொண்டே சேர்த்து அழுத்தினால், திரையின் தலைப்பிலிருந்து ஒரு சிறு விளக்கு கீபோர்டின் மேல் வெளிச்சம் விழுத்தும். அப்படித் தடவிக் கண்டுபிடிக்க மூலைகள் வேண்டும் அல்லவா? இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக 2017-இல் ஒரே ஒரு மாதிரியில் ஏழு வரிசையைத் திரும்பக் கொடுத்தார்கள், திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் உற்சவர் போல. ஆனால் திரையைப் பற்றி மட்டும் புகழமாட்டேன். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் எல்லாம் வெளிறிவிடுகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கீபோர்டைக் கழுவும்போது அந்தச் சிவப்புப் பொட்டின் ரப்பர் தொப்பி கழன்று, தொட்டியின் துளை வழியாகப் போய்விட்டது. புதிதாக வாங்கியதிலும் தொப்பி இல்லை. மொட்டைக் குச்சியை அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரலில் சதுரமாகத் தழும்பே விழுந்துவிட்டது. டிசம்பரில் வரும்போது சொரசொரப்பான 'பூனை நாக்கு' வகையில் இரண்டு வாங்கி வா. உயரம் குறைந்த புது ரகத்தை எடுத்துவிடாதே, இதற்குப் பொருந்தாது.

என்றும் அன்புடன்,
கணேசன்