சேர்ல உக்காந்திருந்தவன் யாருன்னு கேட்ட மாமாவுக்கு

மாமா,

போன வாரம் போன்ல கேட்டீங்க இல்ல, "ஏன்டா மாப்ள, அந்த விண்வெளி கப்பல் படத்துக்கு முன்கதைன்னு ஒன்னு எடுத்திருக்கானாமே, பாத்தியா, எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு போதும், அந்த சேர்ல உக்காந்திருந்தானே ஒருத்தன், அவன் யாருன்னு சொல்லிட்டாங்களா"ன்னு. நான் சிக்னல் இல்ல மாமான்னு சொல்லி கட் பண்ணிட்டேன். சிக்னல் எல்லாம் ஃபுல்லாத்தான் இருந்துச்சு, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட்ல நின்னுகிட்டு சிக்னல் இல்லன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா, நீங்க நம்பின மாதிரி இருந்துட்டீங்க. பதில் எனக்கு 2012லயே தெரியும். சொல்ல வாய் வரல, அவ்ளோதான்.

அதான் இத எழுதறேன். நீங்க செல்லுல இவ்ளோ நீளம் படிக்க மாட்டீங்க, பாப்பாதான் படிச்சு காட்டுவா. பாப்பா, நடுவுல ஒரு எடத்துல நிறுத்துன்னு சொல்லுவேன், அங்க நிறுத்திட்டு அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு மேல படி.

அந்த ராத்திரி எனக்கு அப்படியே கண்ணுல இருக்கு. மாரியம்மன் பண்டிகை, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துட்டு வந்து தெருவுல வெச்சீங்க, மொத ரெண்டும் ரஜினி படம், அது முடியறதுக்குள்ள பாதி தெரு பாயிலயே தூங்கிடுச்சு, மூணாவதா கேசட்டு கடைக்காரர் கைக்கு கெடச்சத குடுத்திருந்தாரு, அதான் 'ஏலியன்'. ரிட்லி ஸ்காட் 1979ல எடுத்தது, நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த படம். முழிச்சிட்டு இருந்தது நீங்க, உங்க க்ளீனர், நானு. தமிழ்ல டயலாக் கெடையாது, நீங்கதான் டயலாக். மெட்ராஸ் ஹார்பருக்கு கல்லு பிளாக் ஏத்திட்டு போயிட்டு வந்த இங்கிலீஷ வெச்சிகிட்டு மொத்த படத்துக்கும் வாய்க்கு வந்தத சொல்லிகிட்டே வந்தீங்க, பத்து வருஷம் கழிச்சு சப்டைட்டிலோட பாத்தப்ப தெரிஞ்சுது நீங்க சொன்னதுல முக்கால்வாசி கரெக்ட்டுன்னு.

ஏன்னா அது லாரிக்காரங்க படம் மாமா. ஒரு விண்வெளி கப்பல்ல ஏழு பேரு, பின்னாடி 2 கோடி டன் தாது, ஊருக்கு திரும்பி போயிட்டு இருக்காங்க, பெட்டிக்குள்ள படுத்து தூங்கி எந்திரிச்சு ஒக்காந்து சாப்பிட ஆரம்பிச்ச ஒடனே அந்த இன்ஜின் ரூம் ஆளுங்க ரெண்டு பேரும் பேசற மொத பேச்சு போனஸ் பத்தி. "பேட்டா கேக்கறானுங்கடா, இவனுங்க நம்ம ஆளுங்க"ன்னு நீங்க தொடைய தட்டி சிரிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் எங்கிருந்தோ சிக்னல் வருது, எறங்கி போய் பாக்கணும், எங்க வேலை அது இல்லன்னு இவங்க சொல்ல, கப்பல்ல விஞ்ஞானியா இருக்கற ஆஷ் சட்டம் பேசுவான், ஒப்பந்தத்துல இருக்கு, போகலன்னா பங்கு பணம் மொத்தமும் கெடையாதுன்னு. "ஓனர் பேப்பர்ல இப்படி ஒரு வரி எப்பவும் வெச்சிருப்பான்"னீங்க. உங்க அப்ப இருந்த ஓனர் பத்தி ரெண்டு கெட்ட வார்த்தையும் சொன்னீங்க, அத்தை உள்ளார இருந்து அதட்டினாங்க.

அப்புறம் அந்த சேர்.

எறங்கின எடத்துல யாரோடதோ ஒரு பழைய கப்பல் கெடக்கு, மூணு பேரு டார்ச்ச அடிச்சிட்டு அதுக்குள்ள போறாங்க, எலும்பு மாதிரி செவுரு, நடுவுல மேடை, அதுல பீரங்கி மாதிரி ஒன்னு, அதோட ஒட்டி அவன் உக்காந்திருக்கான். யானை தும்பிக்கை மாதிரி மூஞ்சியில இருந்து எறங்குது, நெஞ்சு எலும்பு வெளிய பாத்து வளைஞ்சிருக்கு, சேர்லயே மொளச்ச மாதிரி இருக்கான்னு கேப்டன் சொல்றான், ரொம்ப காலம் ஆச்சு, கல்லாயிட்டான்னும் சொல்றான். நீங்க பாஸ் போட்டீங்க. டிவியில கோடு கோடா ஆடிகிட்டு அவன் நின்னான். அந்த பொம்மை 26 அடி, ஓவியர் கிகர் வரைஞ்சு குடுத்து செஞ்சது, அது இன்னும் பெருசா தெரியணும்னு ஸ்காட் தன்னோட பசங்களுக்கே சின்ன ஸ்பேஸ் சூட்டு மாட்டி பக்கத்துல நிக்க வெச்சு எடுத்திருக்காரு, இதெல்லாம் நான் அப்புறம் படிச்சு தெரிஞ்சுகிட்டது. அன்னைக்கு எனக்கு தெரிஞ்சது நீங்க சொன்னது மட்டும்தான்.

"டிரைவர்டா அவன்."

அவ்ளோதான் சொல்லிட்டு பீடி பத்த வெச்சீங்க. நான் விடல. அப்பதான் தொப்பூர் கதைய சொன்னீங்க. தூத்துக்குடி லோடு, கணவாய் எறக்கத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்சில் போயிடுச்சு, வளைவுல நிக்குது வண்டி, பின்னாடி வர்றவன் டீசல மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல உருட்டிகிட்டு வருவான், பிரேக்கு நிக்காது. வண்டி நின்னா டிரைவருக்கு மொத வேலை அடிபட்டுச்சா, லோடு என்னாச்சுன்னு பாக்கறது கெடையாது, தழை ஒடிச்சு ரோட்டுல போடணும், கல்லு வரிசையா வெக்கணும், அம்பது அடி முன்னாடி இருந்து வெக்கணும், அப்புறம்தான் மத்தது. கையில ரத்தத்தோட புங்க மரத்து கெளைய ஒடிச்சேன்னு அந்த தழும்ப காட்டினீங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு படத்துல அந்த ஏழு பேர்ல ஒருத்தி, ரிப்ளி, அந்த சிக்னல பிரிச்சு பாத்துட்டு சொல்றா, இது உதவி கேக்கற சிக்னல் மாதிரி தெரியல, எச்சரிக்கை மாதிரி இருக்குன்னு. அது உங்களுக்கு எப்படி புரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியல, அவ மூஞ்சிய பாத்தே புரிஞ்சிருக்கணும். "பாத்தியா. தழை ஒடிச்சு போட்டுட்டு செத்திருக்கான்"னீங்க.

மறுநாள் வழக்கம் போல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி தோப்பு பின்னாடி வேடியப்பன்னு நாம கும்புடற நடுகல்லுக்கு கற்பூரம் காட்டினீங்க, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சீங்க. நான் அந்த கல்ல மொத தடவையா உத்து பாத்தேன். மஞ்சள் குங்குமம் அப்பி அப்பி மொகமே தெரியாது, ஒரு கையில வில்லு இருக்கறது மட்டும் தடவினா தெரியும். யாரு மாமா இதுன்னு கேட்டேன். "யாரோ. நம்ம ஊருக்காக செத்தவன்." பேரு? "பேரு எதுக்குடா." எனக்கு அந்த ரெண்டு பேரும் அன்னையில இருந்து ஒரே ஆளு மாமா, சேர்ல உக்காந்திருக்கறவனும் தோப்புல நிக்கறவனும்.

இப்ப முன்கதைக்கு வர்றேன். பேரு 'ப்ரொமிதியஸ்', 2012, அதே ரிட்லி ஸ்காட், 33 வருஷம் கழிச்சு. ஓசூர்ல வேலை, மேனேஜர்கிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு பெங்களூர் போய் 3டியில பாத்தேன். ஆரம்பம் என்னமோ பிரமாதம், ஐஸ்லாந்துல ஒரு அருவி, ஹொகேனக்கல்லு பத்து மடங்குன்னு வெச்சுக்கோங்க, அத பாத்து நான் ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

அப்புறம் விஞ்ஞானிங்க ஒரு குகையில ஓவியம் பாக்கறாங்க, பெரிய ஆளு ஒருத்தன் வானத்த காட்டறான், ஒடனே இது நமக்கு வந்த அழைப்புன்னு முடிவு பண்ணிடறாங்க. நம்ம மல்லப்பாடி பாறையில வெள்ளையா குதிரை மேல ஆளுங்க சண்ட போடறத வரைஞ்சிருக்கே, அத பாத்து யாராவது நம்மள குதிரை பந்தயத்துக்கு கூப்பிடறாங்கன்னு கெளம்பினாங்களா? இவங்க கெளம்பறாங்க, கம்பெனிக்காரன் ஒரு லட்சம் கோடி டாலர் செலவு பண்றான். பேட்டா பத்தி பேச்சே இல்ல பாருங்க, அங்கயே சுருதி எறங்கிடுச்சு.

போன எடத்துல காத்து இருக்குன்னு மிஷின் சொன்ன ஒடனே ஹெல்மெட்ட கழட்டறானுங்க. பாம்பு மாதிரி ஒன்னு படம் எடுத்து நிக்குது, உயிரியல் படிச்சவன் அத செல்லம் கொஞ்சறான், நம்ம ஊர் ஆடு மேய்க்கற பையன் கூட செய்ய மாட்டான். குகைய அளந்து மேப் போடற மிஷின் வெச்சிருக்கறவனே வழி தெரியாம தொலையறான். கடைசியில பெரிய கப்பல் வளையம் மாதிரி உருண்டுகிட்டு வருது, ரெண்டு பொம்பளைங்க அது வர்ற நேர் கோட்டுலயே ஓடறாங்க. மாமா, ஸ்டெப்னி கழண்டு உருண்டு வந்தா கூட மனுஷன் சைடுல ஒதுங்குவான். தியேட்டர்ல ஒருத்தர் கன்னடத்துல கத்தினாரு, எனக்கு பாதிதான் புரிஞ்சுது, ஆனா அதேதான் சொல்லியிருப்பாரு.

நல்லதும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். டேவிட்னு ஒரு ரோபோ, எல்லாரும் ரெண்டு வருஷம் தூங்கிட்டு வர்ற வரைக்கும் தனியா பழைய படம் பாத்து அதுல வர்ற ஹீரோ மாதிரி தலைய சீவிக்கறான், அந்த பத்து நிமிஷம் அவ்ளோ நல்லா இருக்கும். அப்புறம் கப்பல் ஓட்டற கேப்டன், ஜேனக். வந்த ஒடனே கிறிஸ்துமஸ் மரம் ஜோடிக்கறாரு, ஆர்மோனியம் மாதிரி ஒரு பொட்டிய வாசிக்கறாரு, விஞ்ஞானிங்க பேசறத காதுல வாங்கறதே இல்ல, நான் வண்டி ஓட்டறேன்ங்கறாரு. உங்களுக்கு ரொம்ப புடிக்கும். அவருக்கு என்ன ஆகுதுன்னு சொல்ல மாட்டேன், அத மட்டும் நீங்க பாக்கணும்.

பாப்பா, இங்க நிறுத்து. அப்பாகிட்ட கேளு, அவன் யாருன்னு தெரியணுமா வேண்டாமா. வேண்டாம்னா அடுத்த பாராவ விட்டுடு.

அவன் மூஞ்சி மூஞ்சியே இல்லையாம் மாமா. அந்த தும்பிக்கை ஹெல்மெட்டாம். அத கழட்டினா உள்ள வெள்ளையா, முடி இல்லாம, ஜிம்முக்கு போற ஆளு மாதிரி ஒரு மனுஷன், நம்மளவிட கொஞ்சம் உசரம். நம்மள செஞ்சதே அந்த கூட்டந்தானாம், அப்புறம் என்ன கோவமோ நம்மள அழிக்கணும்னு கருப்பா ஒரு திரவத்த லோடு ஏத்திகிட்டு பூமிக்கு கெளம்பற நேரத்துல அவங்களுக்கே ஆபத்தாயிடுச்சாம். 26 அடிக்கு கல்லாயி போனவன், கடைசியில ரப்பர் சூட்டு போட்ட ஒரு ஆளு.

படம் முடிஞ்சு பெங்களூர் சாட்டிலைட் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஓசூர் பஸ் புடிச்சு வர்ற வரைக்கும் எனக்கு வயித்தெரிச்சல். மொதல்ல, ரகசியத்த எதுக்கு சொன்னாங்கன்னுதான் கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா அது சரியில்ல. தர்மபுரி அருங்காட்சியகத்துல வரிசையா நடுகல்லு வெச்சிருக்காங்க, சிலதுல வட்டெழுத்துல எழுதியே இருக்கு, எந்த ராஜா, அவன் பட்டத்துக்கு வந்து எத்தனாவது வருஷம், இன்னாரு தொறு மீட்டு பட்டான்னு, அதாவது மாட்ட மீட்டுகிட்டு வரப்ப செத்தான்னு. பேரு தெரிஞ்சதால அந்த கல்லு ஒன்னும் சின்னதாயிடல, எனக்கு இன்னும் சிலிர்க்கத்தான் செஞ்சுது. அப்ப சொல்றது தப்பில்ல. இவங்க சொன்னதுதான் தப்பு. மொத படத்துல அவனுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, நாம பொறக்கறதுக்கு முன்னாடியே அவன் பாட்டுக்கு அவன் பொழப்ப பாத்து அவன் பாட்டுக்கு செத்திருக்கான், நாம வழியில போற லாரிக்காரங்க, டார்ச்ச அடிச்சு பாத்தோம், அவ்ளோதான். அந்த இடைவெளிதான் பயம். முன்கதை அவன இழுத்துட்டு வந்து நம்ம அப்பன் ஆக்கிடுச்சு. எல்லாம் நம்மள பத்திதான், நம்மள செஞ்சான், நம்மள அடிக்க வந்தான்னு. வேடியப்பன் எங்க தாத்தாவுக்கு சொந்தக்காரர்னு யாராவது பட்டாவோட வந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி. 2017ல அதுக்கு இன்னொரு தொடர்ச்சி எடுத்து மிச்சம் இருந்ததையும் கெடுத்தாங்க, அத விடுங்க.

உங்க போன் வந்தப்புறம் மனசு கேக்காம நேத்து ராத்திரி மறுபடி போட்டு பாத்தேன். பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, கோவம் கொறஞ்சிருக்கும்ல. ரெண்டு விஷயம் இப்பதான் கண்ணுல பட்டுச்சு.

ஒன்னு, கடைசியில உயிரோட மிஞ்சற அந்த பொண்ணு, ஷா, கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சேதி பதிவு பண்ணி விடறா. இந்த சிக்னல் கெடச்சா அது வர்ற எடத்துக்கு யாரும் வராதீங்க, இங்க சாவத் தவிர ஒன்னும் இல்லன்னு. புருஷன் மாதிரி இருந்தவன் செத்தாச்சு, வயித்த கிழிச்சு தச்ச காயம் இன்னும் ஆறல, அந்த நெலமையில அவ மொதல்ல செய்யறது அதான். தியேட்டர்ல அப்ப எனக்கு இருந்த எரிச்சல்ல அது காதுலயே விழல.

இன்னொன்னு முக்கியமானது, பாப்பா இத சத்தமா படி. இந்த படம் நடக்கறது எல்வி-223ங்கற எடத்துல. அந்த சேர் இருக்கற எடம் எல்வி-426, 1986ல வந்த ரெண்டாவது படத்துலயே அந்த பேரு வந்துடுச்சு. எடம் வேற. இந்த படத்துல வர்றவன் சேர்ல சாகறதும் இல்ல, எழுந்து வெளிய ஓடி வேற எடத்துல சாகறான். அதாவது வேற ஊரு, வேற வண்டி, வேற டிரைவர். நம்ம ஆள பத்தி இவங்க ஒரு வார்த்தை கூட சொல்லல மாமா. என்ன லோடு, யாருக்கு ஏத்திட்டு போனான், ஏன் அங்க நிறுத்தினான், ஒன்னும் சொல்லல.

அதனால போன்ல கேட்டீங்களே, யாருன்னு சொல்லிட்டாங்களான்னு. இல்ல, சொல்லல.

பொங்கலுக்கு லேப்டாப்போட வர்றேன், ரெண்டு படத்தையும் வரிசையா போடலாம், அந்த க்ளீனர் அண்ணன் இப்ப சொந்த வண்டி வெச்சிருக்காருன்னு அம்மா சொன்னாங்க, ஊர்ல இருந்தா அவரையும் கூப்பிடுங்க. சப்டைட்டில் ஆஃப் பண்ணிடறேன், நீங்களே சொல்லுங்க.