மன்னார்குடிக்கு ஒரு பதில்

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்றுக் காலை பாலத்தில் நின்று பார்த்தேன். சருகும் நுரையுமாகப் புதுத்தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு போனது. உங்கள் பக்கம் வர இன்னும் சில நாள் ஆகும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்தாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அரிசி ஆலைக்காரர்களுக்கு உன் கணக்கு மென்பொருளை டெமோ காட்ட, அவர்களே நேரம் குறித்துக்கொள்ளும் முன்பதிவு மென்பொருள் ஒன்றை, உனக்கும் உன் மனைவிக்குமாக ஆளுக்கு மாதம் 12 டாலர் கட்டி வாங்கலாமா, இல்லை ஒரு வாரம் உட்கார்ந்து நாமே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். முக்கியமாக, எழுதாதே.

நான் எழுதினேன், அதனால் சொல்கிறேன். இசை ஆசிரியர்களுக்கான என் கட்டணக் கணக்கு மென்பொருளுக்கு வெளிநாட்டிலும் வாடிக்கையாளர்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். டொராண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்று நிரலில் அப்படியே எண்ணாக எழுதி வைத்திருந்தேன். கோடையில் அது சரிதான். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். பிறகு பத்தரை மணி நேரம். அந்த வாரம் பாட்டு வகுப்பு நடத்தும் ஒரு அம்மா அவருடைய இரவு 8 மணிக்கு நேரம் குறித்திருந்தார். என் நிரல் எனக்குக் காலை 5.30 என்று காட்டியது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. 6 மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டு, கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று தவறிய அழைப்புகள், ஒரு செய்தி: "குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் இல்லையே." அவருடைய 8 மணி இப்போது நமக்கு 6.30. அவர் பிறகு வரவேயில்லை. அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

உன் வாடிக்கையாளர்கள் திருவாரூர், பட்டுக்கோட்டைக்காரர்கள். கடிகாரத் தொல்லை உனக்கு இல்லை. ஆனால் ஒரே நேரத்தை இரண்டு பேர் பிடிப்பது, கடைசி நிமிடத்தில் மாற்றுவது, ஞாபகப்படுத்துவது எல்லாம் உனக்கும் உண்டு. அதையெல்லாம் எழுதும் நேரத்தில் உன் ஆலைக் கணக்கு மென்பொருளில் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் உமி, தவிடு இருப்புப் பக்கத்தை முடித்துவிடலாம்.

ஈசி அப்பாயின்ட்மென்ட்ஸ் போன்ற, நிரலை எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கும் திறமூல முன்பதிவு மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்வதையும் யோசித்திருப்பாய். நிறுவுவது ஒரு மாலை வேலைதான். அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. கூகுள் காலண்டரோடு இணைக்க, செயலியைக் கூகுளில் பதிவு செய்யவேண்டும். சோதனை நிலையிலேயே விட்டுவைத்தால் 7 நாளில் அனுமதி காலாவதியாகும். எட்டாம் நாள் உன் காலண்டரில் எதுவும் ஏறாது. நினைவூட்டும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழாமல் பார்த்துக்கொள்வதும் உன் தலையில்தான்.

இனிப் பணம். டாலரில் மாதச் சந்தா என்றால் விலைப்பட்டியலில் இருப்பது மட்டும் செலவல்ல. அந்நியச் செலாவணிக்கு வங்கி தனியாகப் பிடிக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவன் நீ. வெளிநாட்டுச் சேவைக்கு 18 விழுக்காட்டை, விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீயே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளவேண்டும். 2021 அக்டோபரில், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் தானியங்கிப் பற்றுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபின் என் கார்டில் ஒரு சந்தா சத்தமில்லாமல் நின்றுபோனது. முன்பதிவுப் பக்கம் மூடிக்கிடந்ததை இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே முதலில் ஒரு காசும் கட்டாதே. கூகுள் காலண்டரில் சாதாரணக் கணக்கிலேயே ஒரு முன்பதிவுப் பக்கம் இலவசம். கேலண்ட்லி என்ற முன்பதிவுத் தளத்தின் இலவசத் திட்டத்தில் ஒரே வகைச் சந்திப்புதான் அமைக்கலாம். உனக்கு வேண்டியதும் அரைமணி நேர டெமோ என்ற ஒன்றுதானே? டெமோ, பயிற்சி, குறைகேட்பு என்று பிரிக்கவேண்டி வந்தபோது நான் கேல்.காம் என்ற இன்னொரு தளத்துக்கு மாறினேன், தனி ஆளுக்கு அது இலவசம். பிற்பாடு ரூபாயில் பில் வேண்டும் என்றால் நம் சென்னை ஸோஹோவின் புக்கிங்ஸ் என்ற முன்பதிவு மென்பொருள் இருக்கிறது, அதிலும் ஒருவருக்கு இலவசம். டெமோ காட்டுவது நீ ஒருவன்தான். உன் மனைவிக்குத் தனிச் சந்தா எதற்கு? காலண்டரைப் பகிர்ந்துகொண்டால் போதும்.

விலையைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. திருவையாற்றில் ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் என் முன்பதிவு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, திண்ணையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டைவிரலால் தேதியைத் தொட்டார். நேரத்தைத் தொட்டார். பெயரையும் தமிழிலேயே அடித்தார். மின்னஞ்சல் கட்டம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. "அது என் பெண்ணுக்குத்தான் தெரியும்" என்று கைபேசியை மடியில் வைத்துவிட்டார். எத்தனை பேர் அந்தக் கட்டத்தோடு திரும்பிப் போயிருப்பார்கள் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். உன் ஆலைக்காரர்களும் அப்படித்தான். எதைத் தேர்ந்தாலும் முதலில் ஓர் ஆலைக்குப் போய், அவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பார். தொலைபேசி எண்ணைக் கட்டாயக் கேள்வியாக்கு. அப்படியும் தயங்குபவர்களுக்காக நான் தினமும் மாலை 4 முதல் 5 வரை போனில் பேசி, நானே அவர்கள் பெயரில் பதிவு செய்கிறேன்.

நேரங்களைத் திறக்கும்போது நாள்வாரியாகத் தனித்தனியே அமைத்துக்கொள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். புதுக் கணக்கை அப்போது தொடங்க இங்கே யாரும் சம்மதிப்பதில்லை. அதை நான் மூடியே வைத்திருக்கிறேன், அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. குறுவை, சம்பா அறுவடை நடக்கும் வாரங்களில் ஆலைக்காரர் பகலில் உட்காரமாட்டார். அப்போது இரவு 8 மணிக்குமேல் இரண்டு இடம் திற.

ஒன்றை மட்டும் இன்றே செய். முன்பதிவு இணைப்பை விசிட்டிங் கார்டில் நேரடியாக அச்சடிக்காதே. உன் இணையதளத்திலேயே ஒரு முகவரி வைத்து, அங்கிருந்து அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடு. நாளை மென்பொருளை மாற்றினாலும் கார்டு மாறவேண்டாம். நான் இரண்டு முறை மாறியும் பழைய கார்டுகள் இன்னும் வேலை செய்கின்றன.

ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு வா. அம்மா தேங்காய்ச் சாதம் செய்வாள். மடிக்கணினியையும் எடுத்துவா, பக்கத்தைச் சேர்ந்தே அமைத்துவிடலாம்.

அன்புடன்,
உன் கும்பகோணத்து நண்பன்