இரவு நேர செப்சிஸ் சிகிச்சை: தாமதம் எங்கே நேர்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவிலும் விடுமுறை நாளிலும் மருத்துவமனையில் சேரும் கடுமையான செப்சிஸ் (கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆய்வுகளோ இதில் ஒருமித்துச் சொல்லவில்லை. சிலவற்றில் உயிரிழப்பு கூடியிருக்கிறது. வேறு சிலவற்றில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடே இல்லை. நோய் முற்றிய நிலையில் இரவில் கொண்டுவரப்படுவோரும் உண்டு என்பதால், இறப்புக் கணக்கை மட்டும் வைத்து இரவுப் பணியாளர்களைக் குறைகூறுவது முறையாகாது.

ஆனால், சிகிச்சை தாமதமானால் தீங்கு என்பதில் ஐயமில்லை. ரத்த அழுத்தம் வீழ்ந்த செப்சிஸ் நோயாளிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், தகுந்த ஆன்டிபயாடிக் தருவதில் கடந்துபோன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பாதிப்பு இந்த அளவுக்கு இல்லை என்றாலும், இப்படி ரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட வேண்டும் என்றே 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் கூறுகிறது.

அந்த ஒரு மணி நேரம் இரவில் எளிதாகக் கரைந்துவிடுகிறது. பல வார்டுகளுக்கு ஒரே பணி மருத்துவர். அவர் மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து ஒப்புதல் பெற வேண்டும். நோயின் தீவிரத்தைக் காட்டும் லாக்டேட் ரத்தப் பரிசோதனையின் முடிவு வர வேண்டும். எழுதிக் கொடுத்த மருந்து மருந்தகத்திலிருந்து வந்து நரம்பில் ஏற வேண்டும். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தால் ஸ்கேன், அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் என்று காத்திருப்பு மேலும் நீள்கிறது. ஏற்கெனவே வார்டில் படுத்திருப்பவரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மூச்சு வேகம் கூடுவது செப்சிஸின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. அதை எண்ணாமலேயே நிமிடத்துக்கு 20 என்று குறிப்பேட்டில் எழுதிவிடும் பழக்கத்தை மருத்துவத் துறையினர் நன்கு அறிவர்.

செப்சிஸுக்கான சிகிச்சை நெறிமுறையை வகுப்பதையும் சிகிச்சை விவரங்களை அரசிடம் அளிப்பதையும் நியூயார்க் மாநிலம் 2013இல் கொண்டுவந்த விதிகளால் மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கியது. அத்தகைய விதி எங்கு வந்தாலும், நோயாளி வந்த நேரத்துக்கும் முதல் மருந்து ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி பகலுக்குத் தனியாகவும் இரவு, விடுமுறைக்குத் தனியாகவும் வெளியிடப்பட வேண்டும். முதல் தவணை மருந்தை அவசரப் பிரிவிலேயே இருப்பு வைப்பதும், மருத்துவர் வரும்வரை காத்திராமல் ரத்த மாதிரி எடுக்கச் செவிலியருக்கு நிலையான அனுமதி அளிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. காய்ச்சலுடன் வரும் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதன்று என் வாதம். அதிர்ச்சி நிலை இல்லாது, செப்சிஸ் என்ற ஐயம் மட்டும் உள்ளவரை ஆராய்ந்து முடிவெடுக்க அதே வழிகாட்டுதல் 3 மணி நேரம் தருகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்